பயணத்தின் நோக்கம்: பறவை பார்த்தல்

எங்கள் அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது. கட்டியவர்கள் அதைத் துடைப்பத்துக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் என்று விட்டிருக்க வேண்டும். தொண்ணூறுகளில் அதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒரு பலகை, ஒரு ஸ்டூல், ஒரு மேசை விசிறி, ஹெட்போன் மாட்டிய அவர். ஜன்னல் கிடையாது. பார்வையில்லாத ஆபரேட்டருக்கு ஜன்னல் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் நிர்வாகப் பிரிவில் சூப்பிரண்டாக இருந்தேன். விடுப்பு, இடமாற்றம், மெமோ எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்த விண்ணப்பத்தை என்ன காரணம் சொல்லித் திருப்பலாம் என்பதையெல்லாம் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

ஆபரேட்டரான அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக்கடையின் மாடியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அப்பா அந்தக் கடையிலேயே எடை போட்டவர், நாகர்கோவில் பக்கத்து ஆள். அலுவலகத்தில் எல்லாரிடமும் மலையாளம் பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். அந்தத் தமிழிலும் மலையாளம் கால்வாசி கலந்திருக்கும்.

காது என்றால் அப்படி ஒரு காது. படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், இறங்குகிறவர் திட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் செய்தி. ஒருநாள் காலை வீட்டுக்கு லைன் கேட்டேன். கொடுக்கவில்லை.

"வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தா பத்து மணிக்கு விளிக்கப்படாது சாரே. பதினொண்ணு ஆகட்டு."

சண்டை போட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு அவரே லைன் போட்டுக் கொடுத்தார். அதற்குள் எனக்கு என்ன சண்டை என்பது மறந்திருந்தது.

இதனால் அவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். படிக்குப் பக்கத்தில் வரும்போது ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். ஓர் அதிகாரி டூரில் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு ஊருக்குள்ளேயே இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் அவர் லைன் கேட்டபோது, "டூர் எல்லாம் சுகம்தானே சாரே?" என்று இவர் விசாரித்திருக்கிறார். அதிகாரி நேரே என் மேசைக்கு வந்து நடவடிக்கை எடுக்கச் சொன்னார். சுகம் விசாரிப்பது எந்த விதியின்கீழ் குற்றம் என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார்.

உதவி என்று யாராவது தோளைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடுவார். "நான் கேட்டேனா?" என்பார். கோபம் இருக்காது. மணி கேட்பது போலத்தான் கேட்பார். தொட்டவருக்குத்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

பறவை விஷயம் ஒரு ஜூன் மாதத்தில் தொடங்கியது. ஓர் அதிகாரியின் குடும்பத்துக்குப் பொன்முடியில் அறை வேண்டும் என்று அவரைப் போன் போடச் சொல்லியிருந்தார்கள். மலைமேல் இருந்த அந்தத் தங்கும் விடுதியின் வாச்சர் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ரிஜிஸ்டரைப் பார்க்கப் போயிருக்கிறார். மேசை ஜன்னலோரம் கிடந்தது. வெளியே மழை. மழைக்கு நடுவில் யாரோ வேலைவெட்டி இல்லாதவன் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். ராகம் தொடங்கும், வழி தவறும், பாதியில் நிற்கும், வேறெங்கோ தொடங்கும். வாச்சர் திரும்பி வந்து அறை இல்லை என்றபோது, சீழ்க்கை அடிப்பது யார் என்று இவர் கேட்டிருக்கிறார். ஆளில்லை, சூளக்காக்கை என்று பதில் வந்தது. சூளம் என்றால் மலையாளத்தில் சீழ்க்கை. காக்கை மாதிரி கறுப்பாக இருக்கும், மழை தொடங்கினால்தான் மனம் விட்டுப் பாடும், விடியற்காலையில் கேட்க வேண்டும் என்றெல்லாம் வாச்சர் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் போய்வரத் திட்டம் போடத் தொடங்கினார். திட்டம் என்றால் நம் வீட்டில் போடுவது மாதிரி இல்லை. பழைய காலண்டர் தாள்களில் பிரெய்ல் ஊசியால் குத்திக் குத்திப் பதினொரு தாள். தம்பானூரிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு, நெடுமங்காட்டில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பக்கத்து இருக்கையில் சாரல் அடிக்காது. கல்லாறு தாண்டி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் அருவிச் சத்தம் வரும், எங்கே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் கோழிகள் கேட்கும் என்று வாச்சரிடம் கேட்டுக் குறித்திருந்தார். வாச்சருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு தாள் இருந்தது. பஸ் டிப்போ விசாரணைக் கவுண்டரில் இவர் குரலைக் கேட்டாலே, "எப்போ போறீங்க?" என்றுதான் எடுப்பார்களாம்.

அந்தத் திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. அனுமதி என்ற தாளை அவர் குத்தவில்லை. "அது சாருக்க டிபார்ட்மென்ட்" என்று என்னிடம் விட்டுவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொன்முடி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு விடியற்காலை வேண்டும். விடியற்காலை வேண்டுமென்றால் முந்தின நாள் மேலே தங்க வேண்டும். அரசு ஊழியர் சலுகையில் தங்க வேண்டுமென்றால் அலுவலகம் வழியாகப் படிவம் போக வேண்டும். படிவத்தில் ஆறாவது கட்டம்: பயணத்தின் நோக்கம்.

அவரே டைப் அடித்துக் கொண்டுவந்தார். 'பறவை பார்த்தல்' என்று இருந்தது.

ஓய்வு என்று போட்டுவிடலாமே, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றேன்.

"ஓய்வெடுக்க எனக்கு அந்த படிக்கட்டு அடி போதும் சாரே. பட்சியப் பாக்கத்தான் போறேன். வேற என்னத்த எழுத?"

நான் அந்தத் தாளை அப்படியே மேலே அனுப்பியிருக்கலாம். ஒரு கையெழுத்துதான். ஆனால் முப்பது வருடப் பழக்கம் கையைப் பிடித்தது. குறிப்புத் தாளில் இரண்டு வரி எழுதினேன். 'விண்ணப்பதாரர் பார்வையற்றவர். நோக்கம் தெளிவுபடுத்தப்படலாம். தனியே செல்கிறாரா, துணையுடனா என்பதும் தெரிவிக்கப்படலாம்.' எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. கேள்வி இல்லாமல் ஒரு கோப்பை அனுப்பினால் நான் அதைப் படிக்கவில்லை என்று நினைப்பார்களே என்பதுதான் காரணம்.

கேள்வி என்று ஒன்று எழுதிவிட்டால் அது பிறகு நம் சொல் கேட்காது. நோக்கம் தெளிவானதும் துணையின் பெயரைக் கேட்டார்கள். பெயர் கொடுத்ததும் உறவைக் கேட்டார்கள். அண்ணன் என்றதும் அண்ணனின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கடிதம் வாங்க நான் ஆரியசாலைக்குப் போனேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அந்த மனிதரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ணு தெரியாதவளுக்கு மலையில என்ன இருக்கு, சாரே?" என்றார் அவர். தங்கைமேல் பிரியம் இல்லாதவர் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அதையேதான் நான் கொஞ்சம் நல்ல மொழியில் கோப்பில் எழுதியிருந்தேன்.

ஜூன் மாதத்தில் இரண்டு நாள் தங்குவதற்கான அனுமதி அக்டோபரில் வந்தது. கடந்துபோன தேதிக்கு வந்த உத்தரவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிரிக்காமல் கோப்பில் சேர்க்கவும் தெரியும். அதை அவரிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார்.

"உங்க ரூல் புக்குக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. என்னையவிடப் பாவமாக்கும்."

அடுத்த ஜூனில் ஒரு புகார் வந்தது. காலை எட்டரைக்கு வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தால் லைன் கிடைப்பதில்லை என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். விசாரிக்கும் பொறுப்பு எனக்கு. மறுநாள் எட்டு மணிக்கே போனேன். படிக்குக் கீழே விளக்கு எரியவில்லை. அவர் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாரே. விசாரணைக்கு வர்ற செருப்புச் சத்தமே வேற" என்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

மேலே அந்த வாச்சர் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முதலில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மழை. அதற்கும் பின்னால், குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு சீழ்க்கை. எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னேன்.

"இது பாதிதான். மேல உள்ள பாதி கம்பிக்குள்ள கொள்ளாது. அங்க நின்னு கேட்டா முழுசாட்டு இருக்கும். அதுக்குத்தானே இந்தப் பாடு."

அறிக்கையில் லைன் சோதனை என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதவில்லை. கோப்பில் பொய் எழுதாதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அலுவலகத் தொலைபேசியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு மெமோ போயிற்று. வாசகம் என்னுடையதுதான். அவர் கொடுத்த விளக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பறவை பார்த்தேன்.' எச்சரித்து விட்டுவிட்டார்கள். வெளியூர் லைனுக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள்.

என்மேல் அவருக்கு வருத்தம் உண்டா என்று அவர் குரலில் தேடிப் பார்ப்பேன். அந்த மாதிரிக் காது எனக்கு இல்லை.

மறு வருடம் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. அதற்கு ஆபரேட்டர் வேண்டாம். அவரை வடகோடியில் காசர்கோட்டு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் ஓர் இடம் பார்த்தாயிற்று, அண்ணன் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஊருக்கு வந்துபோவதே வருடத்தில் ஒன்றிரண்டு தடவைதான் இருக்கும், அதில் மழைக்கால விடியற்காலை ஒன்று அவருக்கு அமையுமா என்பது யாருக்கும் தெரியாது. மாற்றல் உத்தரவு ஜூன் மாதத்தில் வந்தது.

அன்று என் மேசையில் உட்கார்ந்து, இத்தனை வருடம் அடுத்தவர்களைத் தடுக்கப் பயன்படுத்திய புத்தகத்தை முதல் தடவையாக வேறு காரணத்துக்குப் புரட்டினேன். ஓர் அலுவலகத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர் அடுத்த அலுவலகத்தில் சேரும் வரையில் சில நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் அவர் எந்த அலுவலகத்துக்கும் சொந்தமில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். யாரும் மெமோ கொடுக்கவும் முடியாது. படிக்குக் கீழே போய் இதைச் சொன்னேன்.

"அப்போ நான் ஒரு ஆபீசுக்கும் இல்லாத ஆளு" என்றார். "இத ரெண்டு வருசம் முந்தி சொல்லியிருக்கப்படாதா?"

இரண்டு வருடத்துக்கு முன் மாற்றல் இல்லையே என்றேன். சரியான பதில்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் ஒரே ஒரு நாள் கொடுத்தார். மறுநாள் காலையில் காசர்கோட்டுக்கு ரயில். தங்குவதற்கு நேரமில்லை. ஆனால் மழை மூட்டம் இருந்தால் அது பகலிலும் பாடும் என்று வாச்சர் சொல்லியிருந்தார். துணைக்கு நானும் என் மனைவியும். அதிகாலை பஸ்ஸில் ஏறினோம். வழி முழுக்க அவர் விரல் காலண்டர் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. நெடுமங்காடு, விதுரா என்று கண்டக்டர் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். பக்கத்து இருக்கைக்காரர் இவர் இந்த வழியில் தினமும் போகிறவர் என்று நினைத்து, மேலே டீக்கடை உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் சீனி கூடுதல் என்று இவர் பதில் சொன்னார்.

கல்லாற்றில் பஸ் நின்றது. மேலே எட்டாவது வளைவில் மண் இடிந்து ரோட்டில் விழுந்திருக்கிறது, செக்போஸ்ட்டை மூடிவிட்டார்கள் என்றார் கண்டக்டர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு பஸ்ஸைத் திருப்புவார்களாம்.

நான் இறங்கி செக்போஸ்ட்டுக்குப் போனேன். பாதையை மூடுவதற்கு யாருக்கு அதிகாரம், எழுத்தில் உத்தரவு எங்கே என்று கேட்டேன். குடையில்லாமல் நனைந்துகொண்டிருந்த காவலர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

"சாரே, மண்ணு இடியறதுக்கு ஆர்டர் வேணோ?"

மேலே போன் உண்டா என்று கேட்டேன். கம்பியும் அறுந்து கிடக்கிறது என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆத்துப் பாறையிலயும் அது வந்து இருக்கும்னு வாச்சர் சொல்லியிருக்காரு. அங்க போவோம்" என்றார். என் மனைவிக்கு முழங்கால் வலி, வழுக்குப் பாறைக்கு வர முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம்.

அந்தப் பறவையின் குரல் ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்று பிற்பாடு படித்தேன். ஓடையாக இருந்தால் கேட்கும். அன்று கல்லாறு கரையைத் தொட்டுக்கொண்டு பாறை உருளும் சத்தத்தோடு போயிற்று. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. தண்ணீருக்குப் பத்தடி முன்னால் அவர் நின்றுவிட்டார். கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். என் காதருகில் வந்து கத்தினார்.

"இப்பத்தான் சாரே எனக்குக் கண்ணு தெரியல்ல."

ரோடு, மழை, ஆறு எதற்கும் மேல்முறையீடு கிடையாது. போகலாமா என்று கேட்க வாயெடுத்தபோது அதைப் பார்த்தேன். எதிரே, தண்ணீரைப் பிளந்துகொண்டு நின்ற பாறையின் உச்சியில் இருந்தது. கறுப்பு. திரும்பியபோது தோளிலும் நெற்றியிலும் நீலம் மின்னியது. அலகைத் திறந்தது. தொண்டை துடித்தது. மூடியது. தலையைச் சாய்த்தது. மறுபடி திறந்தது. ஒரு துளி சத்தமும் வரவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்கத் தெரியவில்லை. அது இருக்கிறது, எதிர்ப் பாறையில் இருக்கிறது என்று அவர் காதில் கத்தினேன்.

"பாடுதா?"

"வாயைத் திறக்குது. ஒண்ணும் கேக்கல."

அவர் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பினார். புருவம் நெரிந்தது. அந்த இரைச்சலுக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி இருந்தது அந்த முகம். பிறகு தன் கையை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அது வாயத் திறக்கும்போ அமுக்குங்க. மூடும்போ விடுங்க."

அமுக்கினேன். விட்டேன். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு, ஓர் இடைவெளி, மறுபடி நீளம். நடுவில் நின்றது, நானும் நின்றேன். ஒழுங்கே இல்லாமல் தொடங்கியது, நானும் அப்படியே தொடங்கினேன். அவர் தலை மெதுவாக ஆடியது. உதடு குவிந்து, சத்தமில்லாமல், அதனோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. மழை எங்கள் இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. குடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அது பறந்துவிட்டது. ஆற்றின் மேலே தாழப் போய் மரங்களுக்குள் மறைந்தது. பாறையில் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கியது. அவர் உதடு இன்னும் குவிந்தபடியே காத்திருந்தது.

நான் அமுக்கினேன். விட்டேன். நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு, ஓர் இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு.

நாலாவது தடவை அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"போதும் சாரே" என்றார். "இப்ப இது சாருக்க பாட்டாக்கும்."